இடது பக்கப் பட்டியலில் இல்லாதவை

டிசைனைச் சேமிக்கும்போது கை தவறி மியூசிக் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு, பிறகு அதைக் காணோம் என்று தேடுவது எனக்கு வாரத்தில் இரண்டு தடவையாவது நடந்துகொண்டிருந்தது. ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு பார்டரும் முந்தானையும் வரைந்து கொடுப்பது என் வேலை. கடைக்குப் பின்புறம் மாடியில் ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர். நான் கட்டம் கட்டமாக வரைந்து முடித்ததைப் பென்டிரைவில் எடுத்துப்போய், கீழ் அறையில் இருக்கும் மெஷினில் அட்டைகளில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டைகள்தான் தறியின் மேல் ஏறி, எந்த இழை உயர வேண்டும், எது இறங்க வேண்டும் என்று சொல்லும்.

ஃபைல்களைத் திறக்கிற ஜன்னலில் இடது பக்கமாக ஒரு பட்டியல் தெரியும். லைப்ரரி என்று ஒரு தலைப்பு, அதன் கீழே டாக்குமென்ட்ஸ், மியூசிக், பிக்சர்ஸ், வீடியோஸ், கேமரா ரோல் என்று வரிசையாக ஃபோல்டர்கள். கம்ப்யூட்டரோடு கூடவே வந்தவை. அவற்றில் ஒன்றைக்கூட நான் பயன்படுத்துவதில்லை. என் டிசைன்கள் எல்லாம் டி டிரைவில், நானே பெயர் வைத்துப் பிரித்த ஃபோல்டர்களில் இருந்தன. அவற்றுக்குப் போக வேண்டுமென்றால் இந்தக் கூட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவசரத்தில் மவுஸ் வழுக்கினால் தப்பான இடத்தில் விழும்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்த கையோடு, இவற்றை எடுக்க முடியுமா என்று இணையத்தில் தேடினேன். எடுக்க வேண்டாம், மறைக்கலாம் என்று போட்டிருந்தது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்தால் ஒரு சின்னப் பட்டியல் விரியும், அதில் ‘டோன்ட் ஷோ இன் நேவிகேஷன் பேன்’, அதாவது இடது பட்டியலில் காட்டாதே, என்ற வரியை அமுக்கினால் போதும். மியூசிக்கை அமுக்கினேன். போயிற்று. பிக்சர்ஸ், வீடியோஸ், கேமரா ரோல் என்று ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஐந்து நிமிடத்தில் இடது பக்கம் துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயந்திரம் வரை அதை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சின்ன விஷயம்தான்.

இரண்டு நாள் கழித்து முதலாளி ஒரு விருந்தாளியோடு மாடிக்கு வந்தார். முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன பூதக்கண்ணாடி இருக்கும். அதை வைத்துத்தான் ஜரிகையைப் பார்ப்பார். அன்று தன் மகளின் கல்யாண வீடியோவை விருந்தாளிக்குக் காட்ட வேண்டும் என்று மவுஸைப் பிடித்தவர் நின்றுவிட்டார்.

“இங்க ஒரு வீடியோஸ்னு இருந்திச்சே, எங்கம்மா?”

“இருக்குதுங்க. நான்தான் மறைச்சி வச்சிருக்கேன்.”

சொன்ன உடனே அந்தச் சொல் சரியில்லை என்று எனக்கே பட்டது. அவசரமாக அந்த ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவந்து கல்யாணத்தை ஓட்டினேன். விருந்தாளி சிரித்துக்கொண்டே பார்த்தார். முதலாளி திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“வேணாம்னா அழிச்சிடலாமே. மறைக்கிறது எதுக்கு?”

“அழிக்கக் கூடாதுங்க, கம்ப்யூட்டரோட வந்தது. கண்ணுக்குத் தெரியாம இருந்தா வேலைக்கு வசதி.”

“இன்னாமோ போ” என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். வீடியோஸை மட்டும் அப்படியே விட்டேன். மற்றவை மறைந்தே இருந்தன.

அதே வருடம் மாசியில் நான் அந்த அணில் பார்டரை வரைந்தேன். மாதுளங்கிளையில் ஓர் அணில், வாலைத் தலைக்கு மேலே சுருட்டி, பழத்தைக் கொறிக்கிற மாதிரி. மயிலும் அன்னமும் வரைந்து அலுத்துப்போய், எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் ஓடுவதைப் பார்த்து வரைந்தது. அந்த வாலின் நுனி மட்டும் பதினேழு தடவை மாற்றினேன். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “இத்த இப்ப விட வேணாம், தீபாவளிக்கு விடலாம்” என்றார். அட்டை குத்தி முடித்து, கட்டாகக் கட்டி, மெஷின் அறையின் கொக்கியில் தொங்கவிட்டோம். எந்தத் தறிக்கும் அது போகவில்லை.

ஆவணி முதல் வாரத்தில், கடை திறந்த நேரத்திலேயே, முதலாளி மாடிக்கு வந்து தன் போனை என் முன்னால் நீட்டினார். வேறொரு கடையின் புடவை. நல்ல அரக்குச் சிவப்பு. பார்டரில் மாதுளங்கிளை, கிளையில் அணில்.

“இது இன்னாம்மா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்னுடையதுதான். கழுத்துக்குக் கீழே நான் வைத்த மூன்று கோடுகள், பழத்தின் பிளவு, எல்லாம் இருந்தன. வாலின் நுனி மட்டும் கொஞ்சம் வெட்டுப்பட்ட மாதிரி குட்டையாக இருந்தது. திருடியவனுக்கு அதைக்கூட ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

“நம்ம தறியில ஏறவே இல்ல. வெளிய எப்படிப் போச்சி?” முதலாளி குரலை உயர்த்தவில்லை. “பாத்தது மூணு பேரு. நான், நீ, அட்டை குத்துறவரு.”

அட்டை குத்துகிறவர் அந்தக் கடையில் என்னைவிடப் பழையவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார். மெஷின் ஓடும்போது காதில் பஞ்சு வைத்திருப்பார், மெஷின் நின்ற பிறகும் எடுக்க மறந்துவிடுவார். அதனால் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

முதலாளி இறங்கிப்போனதும் எனக்கு முதலில் தோன்றியது அவருடைய பென்டிரைவ்தான். சிவப்பு நிறம், கறுப்புக் கயிறு. சாயந்திரம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். இத்தனை நாள் அது என் கண்ணில் பட்டதே இல்லை. அன்றிலிருந்து அது மட்டும்தான் பட்டது. அவர் போன் பேசினால் யாரோடு என்று காது போயிற்று. ஒருநாள் டீ குடிக்கப் போய் வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டேன். “டீக்குத்தான்” என்றார். டீக்கு இவ்வளவு நேரமா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அவரைச் சந்தேகப்பட்டதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். மூன்று பேரில் ஒருவர் முதலாளி. எடுத்தது அண்ணாவாக இருந்துவிட்டால், அது நானில்லை.

அடுத்த வாரம் ஒரு வேலை செய்தேன். ஒரு கிளி பார்டரை வரைந்து, வேண்டுமென்றே அதன் கண்ணை வைக்காமல் விட்டேன். ஒரு புள்ளிதான். சட்டென்று பார்த்தால் தெரியாது. இந்தக் கிளி கண்ணில்லாமல் எங்காவது வெளியே வந்தால், போன வழி தெரிந்துவிடும். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் குத்திய அட்டைகளைச் சரிபார்க்கப் போனபோது கிளிக்குக் கண் இருந்தது. சரியான இடத்தில், சரியான இழையில் ஓட்டை விழுந்திருந்தது.

“இது யாரு வச்சது, அண்ணா?”

அவர் பஞ்சை எடுத்தார். மறுபடி கேட்டேன்.

“நான்தாம்மா. கண்ணு வுட்டுப் போயிருந்திச்சி. சரி பண்ணிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லலியே.”

“ஒரு புள்ளிக்கு இன்னாத்துக்கு மேல ஏறி வரணும்னு வுட்டுட்டேன்.”

நல்ல மனதோடு பார்த்தால் அது உதவி. எனக்கு அப்படித் தெரியவில்லை. இவ்வளவு நுணுக்கமாக என் டிசைனைப் பார்க்கிறாரா? ஃபைலை மாற்றத் தெரிந்து வைத்திருக்கிறாரா? எப்போது கற்றுக்கொண்டார்? அன்று முழுக்க இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியவில்லை. மாடி அறையின் சாவி ஐந்து வருடமாக என்னிடம்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை, “சாவிய இனிமே கீழ குடுத்துட்டுப் போம்மா” என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமலே புரிந்தது.

இரண்டு நாள் கழித்து, பதினோரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். நாற்பது வயது மனிதர், தோளில் ஒரு பை.

“இந்தம்மா கொஞ்சம் ஃபோல்டருங்கள மறைச்சி வச்சிருக்காங்க. எல்லாத்தயும் வெளிய எடுங்க, பாக்கலாம்.”

நான் நாற்காலியை விட்டு எழுந்து சுவர் ஓரமாக நின்றேன். என் அம்மா நெல் அறுப்புக்குப் போனவர். களத்தை விட்டு வெளியே வரும்போது ஒவ்வொருத்தியும் மடியை உதறிக் காட்ட வேண்டும். ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன், ஏழு வயதிருக்கும். அம்மா சிரித்துக்கொண்டே உதறினார். வரப்பில் ஏறிய பிறகு அந்தச் சிரிப்பு இல்லை. மாதச் சம்பளத்துக்கு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிற ஒருத்தியாக நான் ஆனபோது, இனி அந்த உதறல் நம் வீட்டில் கிடையாது என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். சுவரில் முதுகை வைத்துக்கொண்டு நான் அதைத்தான் நினைத்தேன்.

ரிப்பேர்காரர் இரண்டு கிளிக்கில் எல்லாவற்றையும் பட்டியலுக்குக் கொண்டுவந்தார். “இது மறைக்கிறதே இல்லீங்க, சும்மா பட்டியல்லேர்ந்து தூக்குறது. யாரு வேணா செய்யலாம்” என்றார். எனக்கு மூச்சு திரும்பியது. மியூசிக்கைத் திறந்தார், காலி. கேமரா ரோல், காலி. பிக்சர்ஸைத் திறந்தார்.

திரை நிறையப் படங்கள். எல்லாம் என் டிசைன்கள். ஐந்து வருடமாக நான் வரைந்த பார்டர், முந்தானை, உடலில் வரும் புட்டாப் பூக்கள் அத்தனையும் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாக நின்றன. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு பச்சை டிக்.

“இது நான் போட்டது இல்லீங்க” என்றேன். என் குரலே எனக்குப் பொய் மாதிரி கேட்டது.

ரிப்பேர்காரர் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். டிசைன் வரைகிற சாப்ட்வேர், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பார்வைக்காக ஒரு படத்தைத் தானாகவே பிக்சர்ஸில் போட்டுவைக்கிறது என்றார். பச்சை டிக் என்றால் அந்தப் படம் இணையத்தில் ஒருவருடைய அக்கவுண்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

“யாரு அக்கவுண்டு?” முதலாளி கேட்டார்.

திரையில் ஒரு மெயில் முகவரி வந்தது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த டிசைனருடையது. தேசூர்க்காரர். ஐந்து வருடம் முன்பு, வேலையை என்னிடம் ஒப்படைக்க ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தமாகக் கடை வைக்க வந்தவாசிக்குப் போய்விட்டார். அதன் பிறகு நான் அவரோடு பேசியதே இல்லை.

முதலாளி படங்களைப் பார்த்தார். மெயிலைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

“அவுருக்குப் போற ஃபோல்டர நீ ஏம்மா மறைச்ச?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மவுஸ் வழுக்கும் என்ற பதில். அந்த இடத்தில் அதைச் சொன்னால் நானே நம்ப மாட்டேன். “எனக்குத் தெரியாதுங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் என் கணக்கை முடிக்கக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி படிக்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் இறங்கிப்போனார். ரிப்பேர்காரர் அக்கவுண்டைத் துண்டித்துவிட்டுப் பையை மூடினார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எனக்கு வேலை” என்றார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், சேத்துப்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி வந்தவாசி போனேன். முன்கூட்டி போன் செய்யவில்லை. செய்தால் சொல்வதற்கு எதையாவது தயார் செய்துவைப்பார் என்று நினைத்தேன். வழியெல்லாம் நான் கேட்கப்போகும் கேள்விகளை அடுக்கிக்கொண்டு போனேன். எத்தனை டிசைன் கொடுத்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், எத்தனை வருடமாக.

அவர் கடை கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். வாசலில் ஃபிளெக்ஸ் பேனர்கள் சுருட்டி நின்றன. உள்ளே அவரும் அவர் மனைவியும் பத்திரிகைகளை மடித்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது. தெரியாதவரைப் பார்த்து நிற்கிற மாதிரி இல்லை.

“வாங்க மேடம், உக்காருங்க” என்றார். நான் உட்காரவில்லை.

“என் டிசைன் எல்லாம் உங்க போன்ல இருக்குதா?”

அவர் மறுக்கவில்லை. போனை எடுத்துக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள என் ஐந்து வருடமும் ஓடியது. நானே மறந்துபோன புட்டாக்கள். வேண்டாம் என்று பாதியில் விட்டவை. தப்பானவை. சில நாளுக்கு முன் வரைந்த கண்ணில்லாத கிளிகூட இருந்தது.

“கம்ப்யூட்டர் புதுசா வாங்கும்போது மொதலாளிக்கு மெயில் இல்ல. என்னுதப் போட்டு ஆரம்பிச்சேன். எடுக்க மறந்துட்டேன். மொதல்ல என் பழைய டிசைனுங்கதான் திரும்பத் திரும்ப வருதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா நான் வரையாதெல்லாம் வந்துகினே இருக்குது.”

“தெரிஞ்சப்புறம் ஏன் சொல்லல?”

அவர் பத்திரிகைக் கட்டை நேராக்கினார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

“கடை சாத்திட்டு வந்தா தெனம் அத்ததான் பாத்துகினு குந்தியிருப்பாரு. இந்த பார்டரு நல்லா இருக்குது பாரு, இந்தம்மா இங்க தப்பு வுட்டுட்டாங்க பாருன்னு எனக்கு ஒரே பேஜாரு. டிசைன் வேலைய வுட்டுட்டு வந்ததுல மனுசனுக்கு மனசே இல்ல.”

“சொன்னா நிறுத்திடுவீங்கன்னுதான் சொல்லல” என்றார் அவர்.

அந்த அம்மாள் சொன்னது தயார் செய்த பேச்சாக இருக்க முடியாது. நான் வருவது அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் என் கேள்வி முடியவில்லை. அணில் பார்டர் எப்படி வெளியே போனது என்று கேட்டேன்.

“வெளிய போச்சா?” என்றார். முகம் மாறிவிட்டது. புடவையின் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் எழுந்து, சாம்பிள் ஆல்பத்தை எடுத்துவந்து ஒரு பக்கத்தைத் திறந்தார். சித்திரையில் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகை. ஓரத்தில் தங்கநிறத்தில் என் அணில்.

“பொண்ணு வீட்டுக்காரங்க புதுசா எதுனா வேணும்னாங்க. மயிலு வேணாம், அன்னம் வேணாம்னு எல்லாத்தயும் தள்ளிட்டாங்க. இத்தக் காட்டினேன். ஒத்துகினாங்க. பத்திரிகைதானே, புடவை இல்லியேன்னு நெனச்சிட்டேன். தப்புதான்.”

நான் பத்திரிகையைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் பார்த்தேன். வாலின் நுனி வெட்டுப்பட்டிருந்தது.

“இது ஏன் இப்படி இருக்குது?”

“மடிப்பு வர எடம். முழு வாலு வச்சா மடிப்புல உட்காந்து தங்க ஃபாயில் உரியும். கொஞ்சம் குறைச்சேன்.”

புடவையில் இருந்த அணிலின் வாலும் அதே இடத்தில், அதே அளவு குட்டை. அந்தப் புடவையை வரைந்தவர் என் ஃபைலையோ எங்கள் அட்டையையோ பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் போன யாரோ ஒருவர் வீட்டில் கிடந்த பத்திரிகையைப் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார். யார் என்று இதுவரை தெரியாது.

“இது ஒண்ணுதானா? வேற எதயும் எடுக்கலியா?”

“இது ஒண்ணுதான் மேடம்.”

என் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அவர் போனிலிருந்த படங்களை எல்லாம் என் எதிரிலேயே அழிக்கச் சொன்னேன். அழித்தார். கடைசியில் ஒரு தடவை நிறுத்தி, “இந்த முந்தானை மட்டும்...” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் அழித்தார். மனைவி எனக்கு டீ வாங்கிவரப் போயிருந்தார். நான் டீயைக் குடித்தேனா என்று ஞாபகமில்லை. மடித்த பத்திரிகை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெள்ளிக்கிழமை ஆரணிக்கு வந்து முதலாளியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். கொஞ்சம் தயங்கினார். வருகிறேன் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது, வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி கடை வாசலில் நின்றார். முதலாளி பூதக்கண்ணாடியை எடுத்துப் பத்திரிகையில் இருந்த அணிலையும் போனில் இருந்த புடவையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் வால் நுனியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“சரி” என்றார். பழைய டிசைனரைத் திட்டவில்லை. அவருக்கு டீ சொன்னார். என்னிடம் திரும்பினார்.

“நீ அத்த மறைக்காம இருந்திருந்தா, பச்சை டிக்கு அப்பவே கண்ணுல பட்டிருக்கும் இல்ல?”

அது உண்மை. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது.

“பட்டிருக்கும்ங்க. நீங்க என்னைக் கேட்டிருந்தா நானே தெறந்து காட்டியிருப்பேன். நீங்க ஆளக் கூட்டிகினு வந்தீங்க.”

அவர் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை நான் போனபோது மாடி அறைச் சாவி என் மேசைமேல் கிடந்தது. யார் வைத்தது என்று கேட்கவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் அழுதிருப்பேன், அதனால் வராததும் நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுசாக நம்பவில்லை. அணில் பார்டரை அந்தத் தீபாவளிக்கு விடவில்லை. கொக்கியிலிருந்து அட்டைக்கட்டை இறக்கிப் பரணில் போட்டோம்.

அட்டை குத்துகிறவரிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. மெஷினை நிறுத்திவிட்டு அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

“அண்ணா, அந்தக் கிளிக்குக் கண்ணு நான் வேணும்னேதான் வுட்டேன். உங்க மேல எனக்குச் சந்தேகம்.”

அவர் காதில் பஞ்சு இருந்தது. இதை இரண்டாம் தடவை சொல்ல முடியாது என்று திரும்பினேன்.

“தெரியும்” என்றார்.

நின்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்.

“அஞ்சு வருசமா உன் ஃபைலக் குத்துறேன். நீ எங்கியும் கண்ண வுட்டது இல்ல. மொதல்ல கண்ணுதான் வைப்ப, அப்புறம்தான் ஒடம்பு. பாத்த ஒடனே புரிஞ்சிடுச்சி.”

“தெரிஞ்சி ஏன் சரி பண்ணீங்க? அப்படியே வுட்டிருந்தா உங்க மேல தப்பில்லன்னு ஆகியிருக்குமே.”

“உனக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். அத்த கட்டப்போறவங்களுக்கு இன்னாத்துக்குக் குருட்டுக் கிளி?”

சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். ஆனால் அவர் மறந்துவிடவில்லை. அதன் பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு சாயந்திரமும் மாடிப்படி ஏறிவந்து, அந்தச் சிவப்பு பென்டிரைவை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். “வச்சிக்குங்கண்ணா, வேணாம்” என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். “இருக்கட்டும்” என்பார். என்னை ‘ம்மா’ என்று கூப்பிடுவது நின்று, கொஞ்ச நாள் ‘மேடம்’ என்று கூப்பிட்டார். பொங்கல் கழித்துத்தான் பழையபடி ஆனது. அதுவும் முழுக்கவா என்று எனக்கு நிச்சயமில்லை.

எனக்கும் ஒன்று போகவில்லை. யாராவது, “உங்க டிசைன் நல்லா இருக்குதுங்க” என்றால், எங்கே பார்த்தீர்கள் என்றுதான் வாயில் வருகிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால் பெயரைப் படிப்பதற்கு முன்னால் ஓரத்தைப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

போன மாதம் வந்தவாசியிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கூடவே இரண்டு வரி. ‘நானே வரைஞ்சது. பாத்து எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க.’ கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்து, போனில் எடுத்து அனுப்பியிருந்தார். கரும்புத் தோகைக்கு நடுவில் ஒரு மைனா. படத்தைப் பெரிதாக்கி, என்னுடையது ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மூலை மூலையாகத் தேடினேன். இலை வளைவை என் பழைய முந்தானைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பறவையின் நடை மட்டும், நான் வரைந்திருந்தால் வந்திருக்காத அழகு.

நன்றாக இருக்கிறது என்று எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.